வானமும் தரையும் ஒரே படத்தில்

ஹம்பியில் மதங்க மலையின் உச்சியை நாங்கள் அடைந்தபோது மணி ஆறு. டிசம்பர் மாதத்துக் குளிரில், கைவிளக்கின் ஒளியில் கற்படிகளைத் தேடித் தேடி ஏறி வந்த களைப்பு, கிழக்கு வெளுக்கத் தொடங்கியதும் மறைந்துபோயிற்று. கீழே அச்சுதராயர் கோயிலும், வாழைத் தோட்டங்களும், பாறைக் குவியல்களுக்கிடையே துங்கபத்திரையும் ஒவ்வொன்றாகத் துலங்கின. ஆறே முக்காலை ஒட்டிக் கதிரவன் எழுந்தான். அடுத்த அரை மணி நேரத்தில் நாங்கள் எடுத்த படங்கள் இருநூறுக்கு மேல்.

ஊர் திரும்பிக் கணினித் திரையில் அவற்றைப் பார்த்தபோதுதான் ஏமாற்றம் காத்திருந்தது. சில படங்களில் வானம் பொன்னாக ஒளிர்ந்தது. பாறைகளோ கரித்துண்டுகளாகக் கிடந்தன. வேறு சிலவற்றில் பாறைகளும் கோயிலும் நன்கு தெரிந்தன. வானமோ எழுதப்படாத வெள்ளைத் தாளாகிவிட்டது. மலையுச்சியில் எங்கள் கண்கள் கண்ட காட்சி அந்த இருநூறில் ஒன்றிலும் இல்லை.

வார விடுமுறையிலும் ஆண்டு விடுப்பிலும் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்படும் நண்பர்கள் சிலர் நாங்கள். எங்களில் எவருக்கும் இது பிழைப்பு அன்று. எனினும், நெடுந்தொலைவு பயணம் செய்து, தூக்கத்தைத் துறந்து எடுத்த படங்கள் இப்படிக் கைவிடும்போது ஏற்படும் மனச்சோர்வு சிறியதன்று. நிலக்காட்சிப் படங்களில் ஈடுபாடு கொண்ட வாசகர்கள் பலரும் இதை அறிந்திருப்பர். இதன் காரணத்தையும், நாங்கள் தட்டுத் தடுமாறிக் கற்ற சில வழிகளையும் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

கண் ஏமாற்றுகிறது, கேமரா அன்று

ஒரு காட்சியை நாம் ஒரே பார்வையில் காண்பதாக நினைக்கிறோம். உண்மையில் கண் அதைத் துண்டு துண்டாகவே பார்க்கிறது. வானத்தை நோக்கும்போது கண்மணி சுருங்குகிறது. நிழலில் உள்ள பாறையை நோக்கும்போது விரிகிறது. இவ்வாறு பல பார்வைகளில் கிடைத்தவற்றை மூளை இணைத்து, வானமும் தரையும் தெளிவாக உள்ள ஒரு முழுக் காட்சியாக நமக்குத் தருகிறது. கேமராவுக்கு அந்த வசதி இல்லை. ஷட்டர் ஒருமுறை திறந்து மூடும் பொழுதுக்குள், ஒரே அளவு ஒளியைக் கொண்டு காட்சி முழுவதையும் அது பதிவு செய்தாக வேண்டும்.

ஒளியின் வேறுபாட்டை ஒளிப்படக் கலைஞர்கள் ‘ஸ்டாப்’ என்னும் அளவால் குறிப்பர். ஒரு ஸ்டாப் கூடினால் ஒளி இரு மடங்கு. இரண்டு கூடினால் நான்கு மடங்கு. பத்து கூடினால் ஆயிரம் மடங்குக்கு மேல். இன்றைய நல்ல கேமராக்களின் உணரிகள் ஏறத்தாழ 12 முதல் 14 ஸ்டாப் வரையிலான வேறுபாட்டைத் தாங்கும். எழும் கதிரவனையும் அவனுக்கு எதிரே நிழல் போர்த்தி நிற்கும் பாறையின் முகத்தையும் ஒரே சட்டத்துக்குள் வைத்தால் வேறுபாடு அந்த எல்லையைக் கடந்துவிடும். கடந்த பகுதி ஒன்று வெள்ளையாகும், அல்லது கறுப்பாகும். அங்கே எந்த விவரமும் பதிவாவதில்லை. பின்னர் எந்த மென்பொருளாலும் அதை மீட்க இயலாது.

இந்தச் சிக்கல் புதியதன்று. இதைப் பற்றிப் பேசும்போது, வங்கி வாடிக்கையாளர்களுக்கான இதழில் ஒருவரை நினைவுகூராமல் இருக்க முடியாது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் வங்கி ஒன்றில் எழுத்தராக இருந்த சாமுவேல் போர்ன், அவ்வேலையை விட்டுவிட்டு 1863ஆம் ஆண்டு ஒளிப்படக் கலைஞராக இந்தியாவுக்கு வந்தார். 1863, 1864, 1866 ஆகிய ஆண்டுகளில் இமயமலைக்குள் மூன்று நெடும்பயணங்களை மேற்கொண்டார். அன்று வழக்கில் இருந்தது ஈரத்தட்டு முறை. கண்ணாடித் தகட்டின் மீது கொலோடியன் என்னும் பிசினைப் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்து, ஈரம் உலர்வதற்குள் படமெடுத்து, அங்கேயே கூடாரத்தின் இருளுக்குள் கழுவி முடிக்க வேண்டும். கண்ணாடித் தகடுகளையும் இரசாயனங்களையும் கூடாரத்தையும் சுமக்கப் பல பத்துச் சுமையாட்கள் அவருடன் நடந்தனர். 1866இல் 18,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ள மணிராங் கணவாயில் அவர் படமெடுத்தார். அவ்வளவு உயரத்தில் அதற்கு முன் எவரும் படமெடுத்ததில்லை. சுமையாட்களின் பெயர்கள் மட்டும் எங்கும் கிடைப்பதில்லை.

போர்னுக்கும் வானம் வெள்ளைத் தாளாகவே விழுந்தது. கொலோடியன் தகடு நீல ஒளிக்கே மிகுதியாக வசப்படும். எனவே நீல வானம் முற்றிலும் வெளுத்துப்போகும், பச்சை மரங்கள் கறுத்துப்போகும். அக்காலத்து நிலக்காட்சிப் படங்கள் பலவற்றில் மேகமே இல்லாததற்குக் காரணம் இதுதான். பிரான்சைச் சேர்ந்த குஸ்தாவ் லெ கிரே என்பவர் 1850களிலேயே இதற்கு ஒரு மாற்று கண்டிருந்தார். கடலுக்கு ஒரு தகடு, வானத்துக்கு ஒரு தகடு எனத் தனித்தனியே எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் இணைத்து அச்சிட்டார். இன்று நம் கைபேசி, பொத்தானை ஒருமுறை தொட்டதும் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்கித் தருகிறதே, அதன் மூதாதை அந்தக் கடற்படங்கள்தாம்.

மூன்று வழிகள்

முதல் வழி, வானத்தைக் காப்பாற்றுவது. கேமராவின் திரையில் ‘ஹிஸ்டோகிராம்’ என்னும் வரைபடத்தைக் காணலாம். அதன் இடப்புறம் இருள், வலப்புறம் வெளிச்சம். மலைபோல் எழும் அந்தக் கோடு வலப்பக்கச் சுவரில் முட்டி நின்றால் வானம் வெளுத்துவிட்டது என்று பொருள். சுவரைத் தொடாத அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்து எடுத்துவிட்டால், இருண்டுபோன தரையைப் பின்னர் கணினியில் ஓரளவு தூக்கிவிடலாம். இதற்குப் படத்தை ‘ரா’ வடிவில் பதிவு செய்வது இன்றியமையாதது. வழக்கமான ‘ஜேபெக்’ வடிவில், நிழல்களில் இருந்த விவரத்தின் பெரும்பகுதியைக் கேமராவே கழித்துவிடுகிறது. எங்கள் முதல் ஹம்பிப் படங்கள் அனைத்தும் ஜேபெக். கைபேசியில் எடுப்போர், திரையில் வானத்தின் மீது விரலை வைத்து அழுத்தினாலே இதே பயன் பெருமளவு கிட்டும்.

இரண்டாவது வழி, லெ கிரேயின் வழி. கேமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, ஒன்று இயல்பாக, ஒன்று இரண்டு ஸ்டாப் குறைவாக, ஒன்று இரண்டு ஸ்டாப் கூடுதலாக என மூன்று படங்கள் எடுத்து, பின்னர் இணைப்பது. பெரும்பாலான கேமராக்களில் இதைத் தானாகவே செய்யும் வசதி உண்டு. காற்றில் மரங்கள் ஆடினாலோ, நீர் அலைபாய்ந்தாலோ மூன்று படங்களும் ஒன்றன்மீது ஒன்று பொருந்தாமல் போகும். இணைக்கும்போது அளவு மீறினால், வானம் சுண்ணாம்பு பூசிய சுவர்போலவும் தரை பொம்மைக் கொலுபோலவும் தோன்றும். இணையத்தில் அத்தகைய படங்களுக்குக் குறைவில்லை. அவற்றை நாம் பின்பற்ற வேண்டியதில்லை.

மூன்றாவது, லென்ஸின் முன் பொருத்தும் படிநிலை வடிகட்டி. பாதிக் கண்ணாடி கருமையாகவும் பாதி தெளிவாகவும் இருக்கும். கருமையான பாதி வானத்தை அடக்கும். கடற்கரை, உப்புவெளி போன்று அடிவானம் நேர்கோடாக உள்ள இடங்களில் இது மிக நன்று. ஹம்பியில் பயன்படாது. அங்கே பாறைகளும் கோபுரமும் வானத்துக்குள் துருத்திக்கொண்டு நிற்பதால் அவற்றின் தலைகளும் சேர்ந்து கறுத்துவிடும். ஒரு பயணத்தில் நன்கு பயன்பட்டது என்பதற்காகவே ஒரு கருவி எங்கும் பயன்படும் என்று கொள்வது பிழை. நாங்கள் அதைப் பணம் கொடுத்துக் கற்றோம்.

எதிர்ப்புறமான தவறும் ஒன்று உண்டு. குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் தோர்டோவை அடுத்த வெள்ளை ரண், மழைக்காலத்தில் நீரில் மூழ்கிக் கிடந்து, குளிர்காலத்தில் வற்றி உப்பு வெளியாக மாறுகிறது. கண்கூசும் அந்த வெண்மை எங்கள் முதல் படங்களில் அழுக்குச் சாம்பல் நிறமாக வந்தது. காரணம் எளிது. கேமராவில் உள்ள ஒளியளவி, தான் காணும் காட்சி எதுவாயினும் அது நடுத்தரச் சாம்பல் நிறத்தது என்று எண்ணிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டது. வெண்ணிற உப்பைக் காட்டினால், ‘வெளிச்சம் மிகுதி’ என்று தானே குறைத்துவிடுகிறது. பனிமலையிலும் இதே கதைதான். எக்ஸ்போஷர் திருத்தத்தை ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை கூட்டினால் உப்பு உப்பாகவும் பனி பனியாகவும் வரும். கருங்கல் குன்றுகளுக்கும் இரவு நெருங்கும் காடுகளுக்கும் இதற்கு மாறாகச் சற்றே குறைக்க வேண்டும்.

நமக்குக் கிடைக்கும் நேரம் குறைவு

கதிரவன் அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது அதன் ஒளி காற்றுமண்டலத்தின் ஊடே நெடுந்தொலைவு பயணம் செய்கிறது. வழியில் நீலம் சிதறிப்போக, மஞ்சளும் செம்மையும் எஞ்சுகின்றன. ஒளி கடுமை இழக்கிறது. நிழல்கள் நீண்டு, நிலத்தின் மேடுபள்ளங்களை வரைந்து காட்டுகின்றன. வானத்துக்கும் தரைக்கும் இடையிலான வேறுபாடு கேமராவின் எல்லைக்குள் அடங்குவதும் அப்போதுதான். ஆங்கில நூல்கள் இதனைப் ‘பொன் மணிநேரம்’ என்கின்றன.

அந்த நூல்களை நம்பி நாம் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வடக்கே உள்ள நாடுகளில் கதிரவன் சாய்வாக, மெல்ல மேலேறுகிறான். நம் நாட்டிலோ ஏறத்தாழ நேராக எழுகிறான். பகலும் இரவும் சமமாக உள்ள மார்ச், செப்டம்பர் நாட்களைக் கணக்கிட்டுப் பார்த்தால், அடிவானத்திலிருந்து 6 பாகை உயர, இலண்டனில் சுமார் 40 நிமிடங்கள் ஆகின்றன. ஹம்பியில் 25 நிமிடங்களே. ஆக, நமக்கு வாய்ப்பது மணிநேரமன்று. அரை மணிக்கும் குறைவு. முக்காலியைப் பொருத்தவும், லென்ஸை மாற்றவும், எங்கே நிற்பது என்று அலையவும் அதில் இடமில்லை. முதல் நாள் மாலையே இடத்தைச் சுற்றிப் பார்த்து, நிற்கும் பாறை எது என்பதை முடிவு செய்துவிட வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நாடு முழுவதற்கும் ஒரே கடிகார நேரம். ஆனால் நாட்டின் கிழக்கு எல்லைக்கும் மேற்கு எல்லைக்கும் இடையே தீர்க்கக்கோட்டு வேறுபாடு 29 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்னும் கணக்கில், அருணாசலப் பிரதேசத்தின் கிழக்கு முனைக்கும் கட்ச்சுக்கும் விடியலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் வேறுபடுகிறது. சென்னை நேரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அருணாசலத்தில் அலாரம் வைப்பவர் எழும்போது வெயில் முற்றத்தில் இருக்கும்.

ஆயத்தமாக இருப்பதன் பொருளை அமெரிக்கக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸின் அனுபவம் விளக்கும். 1941ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்து மாலை ஒன்றில், நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரைக் கடந்து சென்றுகொண்டிருந்தார். நிலவு எழுந்திருந்தது, கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகள் மீது கடைசி வெயில் விழுந்துகொண்டிருந்தது. வண்டியை நிறுத்திக் கேமராவைப் பொருத்தினார், ஒளியளவியைக் காணவில்லை. நிலவின் ஒளிர்வு எவ்வளவு என்பது அவருக்கு மனப்பாடம். அதிலிருந்து கணக்கிட்டு ஒரே ஒரு படம் எடுத்தார். இரண்டாவது படத்துக்குத் தகட்டைத் திருப்புவதற்குள் சிலுவைகள் மீதிருந்த வெயில் போய்விட்டது. உலகப் புகழ்பெற்ற நிலக்காட்சிப் படங்களுள் ஒன்று அது.

ஆழம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். தொலைவில் உள்ள மலையை மட்டும் எடுத்தால் படம் தட்டையாகவே இருக்கும். காலடியில் ஒரு பாறை, ஒரு சிற்றோடை, உப்பின் வெடிப்பு என ஏதேனும் ஒன்று முன்னணியில் இருந்தால் பார்ப்பவரின் கண் அதில் தொடங்கி உள்ளே செல்லும். அருகும் தொலைவும் ஒருசேரத் துல்லியமாக வர, முழுச்சட்டக் கேமராவில் 24 மில்லிமீட்டர் லென்ஸை எஃப்-8 அளவில் வைத்து, இரண்டரை மீட்டர் தொலைவில் குவித்தால் போதும். ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர் முதல் அடிவானம் வரை தெளிவாக விழும். துளையை எஃப்-22 வரை சுருக்கினால் இன்னும் தெளிவு கூடும் என்று கருதுவோர் உளர். அவ்வளவு சிறிய துளையில் ஒளி விளிம்புகளில் வளைந்து, படம் முழுவதும் மங்கலாகிவிடும்.

மழை, குளிர், பூஞ்சை

கர்நாடகத்தில் ஷராவதி ஆறு 253 மீட்டர் உயரத்திலிருந்து வீழும் ஜோக் அருவியை மழைக்காலத்தில் காணச் சென்றால், பெரும்பாலான நேரம் காண்பது மூடுபனியைத்தான். திரை விலகும் சில நிமிடங்களுக்காகக் குடைக்கீழ் காத்திருக்க வேண்டும். மேலே லிங்கனமக்கி அணை இருப்பதால், அருவியில் நீர் எவ்வளவு என்பது மழையை மட்டும் சார்ந்ததன்று. கால் நொடி முதல் ஒரு நொடி வரை ஷட்டரைத் திறந்து வைத்தால் நீர் பட்டு இழையாக விழும். போலரைசர் வடிகட்டி, நனைந்த இலைகளிலும் பாறைகளிலும் பளபளக்கும் வெள்ளொளியை நீக்கிப் பச்சையை மீட்டுத் தரும். ஆனால் அதே போலரைசரை லடாக்கில், 4,200 மீட்டருக்கும் மேலே உள்ள பாங்காங் ஏரிக்கரையில் முழுமையாகத் திருப்பினால், முன்பே கருநீலமாக உள்ள வானம் ஒருபக்கம் மட்டும் மைபூசியதுபோல் ஆகிவிடும்.

குளிரில் மின்கலங்கள் விரைவில் சோர்ந்துபோகும். உள்ளே வேதிவினை மந்தமாவதே காரணம். உதிரி மின்கலத்தைச் சட்டையின் உட்பையில் உடல் வெப்பத்தில் வைத்திருந்தால் சமாளிக்கலாம். தீர்ந்துபோனதாகக் காட்டிய மின்கலமும் சூடேறியதும் மீண்டும் சிறிது உழைக்கும். குளிர்ந்த வெளியிலிருந்து வெப்பமான அறைக்குள் வரும்போதும், குளிரூட்டப்பட்ட அறையிலிருந்து கடற்கரைப் புழுக்கத்துக்குச் செல்லும்போதும் லென்ஸில் நீர் படியும். கேமராவைப் பைக்குள்ளேயே அரைமணி நேரம் வைத்திருந்து பின்னர் எடுப்பது நன்று.

நம் நாட்டில் லென்ஸின் பெரும்பகை பூஞ்சை. ஈரக்காற்றில் அலமாரிக்குள் ஆறு மாதம் கிடந்த லென்ஸின் உள்ளே சிலந்தி வலைபோல் அது படர்வதை எங்கள் நண்பர் ஒருவர் கண்டார். கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால் முழுமையாகச் சரிசெய்ய இயலாது. தோல் உறைகள் ஈரத்தைப் பிடித்துவைப்பதால் அவை வேண்டா. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியும் சில சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் போதும். அவற்றை அவ்வப்போது உலர்த்த வேண்டும். அரிசிப் பானைக்குள் வைக்கும் பழக்கம் தூசியைத்தான் சேர்க்கும்.

செலவு குறித்தும் ஒரு சொல். புதிய லென்ஸை மாதத் தவணையில் வாங்குவதற்கு முன், பெருநகரங்களில் நாள் வாடகைக்குக் கிடைப்பதை ஒருமுறை எடுத்துப் பயன்படுத்திப் பாருங்கள். முக்காலியில் மட்டும் சிக்கனம் காட்ட வேண்டா. காற்றில் நடுங்கும் முக்காலி இல்லாமலிருப்பதே மேல். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்குள் முக்காலிக்கு முன் அனுமதி தேவை. ட்ரோன் வைத்திருப்போர், 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதை அறிந்து, பறக்கவிடுமுன் வரைபடத்தைச் சரிபார்க்க வேண்டும். ஈரப் பாறையிலும் மலை விளிம்பிலும் கேமராவைக் கண்ணில் வைத்தபடி ஓர் அடியும் எடுத்து வைக்கலாகாது. நகர வேண்டுமானால் கேமராவை இறக்கிவிட்டு, தரையைப் பார்த்து நகர வேண்டும். இதில் மட்டும் இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

இறுதியாக, படங்களின் தேதியையும் இடத்தையும் குறித்து வைப்பது பற்றி. போர்ன் 1866இல் கங்கோத்ரி பனியாற்றின் முகப்பையும், அங்கிருந்து கங்கை புறப்படும் இடத்தையும் படமெடுத்தார். அன்று அது அழகிய காட்சி மட்டுமே. கடந்த நூற்றாண்டில் மட்டும் அந்தப் பனியாறு ஒரு கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. இன்று அத்தகைய பழைய படங்கள் சான்றுகளாகிவிட்டன. உங்கள் ஊர் ஏரியை ஆண்டுதோறும் ஒரே நாளில், ஒரே கரையில், ஒரே லென்ஸால் எடுத்து வாருங்கள். எங்களுள் ஒருவர் எட்டு ஆண்டுகளாக அவ்வாறு எடுத்து வருகிறார். ஆறாவது படத்தில் ஏரியின் ஓரத்தில் ஒரு சுற்றுச்சுவர் தோன்றியிருக்கிறது.

ஹம்பிக்கு மறு ஆண்டும் சென்றோம். அதே மலை, அதே மாதம். இம்முறை முதல் நாள் மாலையே மேலேறி இடம் பார்த்து வைத்திருந்தோம். கதிரவன் எழுந்தபோது அங்கே கூடியிருந்தோர் அனைவரும் கிழக்கே நோக்கிப் படமெடுத்துக்கொண்டிருந்தனர். நாங்கள் முக்காலியை மேற்கே திருப்பி வைத்திருந்தோம். கடைவீதியின் மறுமுனையில், கிழக்கு முகமாக நிற்கும் விரூபாட்சர் கோயிலின் பெருங்கோபுரத்தில் முதல் ஒளி உச்சி நிலையில் விழுந்து, ஒவ்வொரு நிலையாகக் கீழிறங்கியது. அதன் பின்னால் வானம் இன்னும் ஊதா நிறமாகவே இருந்தது. ஒளி முதுகுக்குப் பின்னிருந்து வந்ததால் வானத்துக்கும் கோபுரத்துக்கும் இடையே வேறுபாடு அதிகம் இல்லை. வடிகட்டி வேண்டியிருக்கவில்லை, இணைக்கவும் வேண்டியிருக்கவில்லை. அன்று எடுத்தவை பதினொரு படங்கள். அவற்றுள் நான்காவது இப்போது எங்கள் நண்பர் ஒருவரின் வீட்டுக் கூடத்தில் மாட்டப்பட்டிருக்கிறது.